உப்பு போதுமா

இந்த வருஷம் சீட்டு எங்கள் வீட்டுக்கு விழுந்தது.
பெந்தகோஸ்தே கழிந்து திரித்துவ ஞாயிறு வரை
தெர்சேய்ரா தீவின் வெள்ளிக் கிரீடம்
எங்கள் கூடத்தில் தங்கும், ஏழு இரவு.
உச்சியில் ஒரு புறா,
கட்டைவிரல் நகத்தளவு.

பால்வண்டி ஓட்டும் எவாரிஷ்தோவின் வீட்டில்
ராஜா வந்து இறங்கினாற்போல
அண்டை அயலார் வெள்ளைத்தாள் மடித்துப்
பீடத்துக்குப் படிகள் கட்டினார்கள்.
நான் சாணம் ஒட்டிய செருப்புகளைக்
கட்டிலுக்கடியில் தள்ளினேன்.

அவரும் மகன் குவால்ட்டரும் பேசி
நான்கு வருஷம் ஆகிறது.
கிழக்கு மேய்ச்சல் நிலத்தை
அவன் விடுதிக்காரனுக்கு விற்ற நாளிலிருந்து.
"சூப்பில் உப்பு இல்லை என்று உன் மகனிடம் சொல்."
"உப்பு அவர் கைக்குப் பக்கத்தில் என்று உன் புருஷனிடம் சொல்."
ஒரே மேசை.
இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிக்
கழுத்துக்குத் தைலம் தடவிக்கொள்கிறவள் நான்.

பாதிரியார் பிரசங்கத்தில் சொன்னார்:
பிதாவிடமிருந்தும் சுதனிடமிருந்தும்
புறப்படுகிறவர் ஆவியானவர்.
எனக்குச் சிரிப்பு வந்தது. இருமலாக்கி விழுங்கினேன்.
என் வீட்டில் தகப்பனிடமிருந்தும் மகனிடமிருந்தும்
புறப்படுகிறது நான்தான்,
தட்டோடு, முழங்கால் வலியோடு.

அப்புறம் பாத்திரம் கழுவும்போது யோசித்தேன்.
சிலுவை அடையாளம் வரைகிறோம்:
நெற்றியில் பிதா, நெஞ்சில் சுதன்,
நேரே ஒரு முழ இறக்கம்.
ஆவிக்கு மட்டும் இரண்டு தோள்கள்.
அத்தனை அகலம் எதற்கு?
மூவரைச் சொல்லிவிட்டுப்
'பெயர்களாலே' என்று முடிக்காமல்
'பெயராலே' என்கிறோம்.
பள்ளிக்கூடத்தில் சிவப்பு மையால் சுழித்திருப்பார்கள்.
குவால்ட்டருக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது
தலையில் மூன்று தடவை தண்ணீர்.
ஒரே ஒரு அழுகை.

நான்காம் இரவு கடல் கரையேறியது.
மின்சாரம் போனது. கல்வேலி சரிந்து சாலை அடைபட்டு
ஜெபமாலைக்கு யாரும் வரவில்லை.
ஒரு மெழுகுவத்தி, கிரீடம், நாங்கள் மூவர்.
ஜெபமாலையில் ஒருவர் தொடங்கினால்
இன்னொருவர் முடிக்க வேண்டும்.
அவர் தொடங்கினார்.
பத்தாவது மணிவரை நான் முடித்தேன்.
அதற்குமேல் தொண்டை கட்டிக்கொண்டது.
(நிஜமாகவா என்று கேட்காதீர்கள்.)

சுவரைப் பார்த்துச் சொன்னார்,
"பிதாவுக்கும் சுதனுக்கும்"
அந்த இடத்தில் கொஞ்சம் நின்று
"பரிசுத்த ஆவிக்கும் மகிமை உண்டாவதாக."

மெழுகு சொட்டியது.
பாதி வாக்கியம் கூடத்தில் நின்றது,
கதவைத் தட்டிவிட்டு
மழையில் காத்திருக்கும் ஆள் மாதிரி.

"ஆதியில் இருந்தது போல"
என்றான் குவால்ட்டர். தலை குனிந்திருந்தது.
"இப்பொழுதும்..."
முழுக்கச் சொன்னான்.
ஐந்து பத்து மணிகள். ஐந்து முறை அது நடந்தது.
சுடர் ஆடியது.
புறா அசைந்தது என்று நான் சொல்ல மாட்டேன்.

மறுநாள் காலை பழையபடிதான்.
காப்பி ஆறிவிட்டதாம். அவரிடம் சொல், அவனிடம் சொல்.
என் கழுத்து.

ஞாயிறு பூசை முடிந்து
கிரீடத்தை அவர் தலையில் வைத்தார் பாதிரியார்.
வழுக்கையில் சறுக்கிக் காதில் நின்றது.
சாம்பிராணிப் புகையில் நாற்பது வருஷப் புருஷனை
யாரோ போலப் பார்த்தேன்.

தெருவில் நீள மேசைகள். இருப்பவன் இல்லாதவன்
எல்லாருக்கும் ரொட்டி, மாட்டிறைச்சி, புதினா போட்ட சூப்.
பெரிய கொப்பரையைக் கழியில் கோத்தார்கள்.
முன்பக்கம் அவர் தோள்.
பின்பக்கம் ஆள் வேண்டும்.
யாரும் யாரையும் கூப்பிடவில்லை.
குவால்ட்டர் குனிந்து தோள் கொடுத்தான்.

தகப்பன். மகன்.
நடுவில் ததும்பித் ததும்பி
ஆவி பறந்துகொண்டே போனது.

பாதி வழியில், திரும்பாமலே, அவர் கேட்டார்:
"உப்பு போதுமா?"

பதில் சொல்ல வாயைத் திறந்துவிட்டேன்.
என்னிடம் கேட்கவில்லை.